டீம் புராஜெக்டுக்கு கேம் செய்தோம்: எல்லாம் ஓடுகிறது, விளையாடத்தான் நன்றாக இல்லை

கடைசிபெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்)

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் மென்பொருள் பொறியியல் பாடத்துக்காக ஐந்து பேர் சேர்ந்து கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை குதித்துப் போகும்) கேம் செய்தோம். ஓடுகிறது, கிராஷ் ஆகவில்லை, மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் வகுப்பில் யாரிடம் கொடுத்தாலும் இரண்டாவது லெவலைத் தாண்டுவதற்குள் "நல்லா இருக்கு" என்று முகத்துக்காகச் சொல்லிவிட்டு கீபோர்டை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். ஏன் இப்படி ஆனது என்று டீமில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம், அதனால் இங்கே கொட்டுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டோம். ஒருவன் பிளேயர், அதாவது ஓட்டம், குதிப்பு, அடி. ஒருத்தி எதிரிகள். நான் லெவல்கள். இன்னொருவன் மெனு, சேவ், ஸ்கோர். இன்னொருத்தி படங்களும் ஒலியும். ஆவணத்தில் வரைந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக அவ்வளவு அழகு. கிட் என்ற வெர்ஷன் கண்ட்ரோல் கருவியில் ஆளுக்கொரு பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை), கோடோவில் ஆளுக்கொரு டெஸ்ட் சீன் (கேமின் ஒரு துண்டு). ரிவ்யூவில் ஐந்து பேரும் ஐந்து தனித்தனி சீன்களைத் திறந்து காட்டுவோம், எல்லாம் கச்சிதமாக ஓடும், பாராட்டும் கிடைக்கும். முழு கேம் என்ற ஒன்று செமஸ்டரின் கடைசிப் பகுதி வரை இருக்கவே இல்லை.

சேர்த்த அன்று என்ன ஆனது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். பிளேயர் செய்தவன் தொடக்கத்தில் வைத்திருந்த எண்கள் இவை: குதிக்கும் வேகம் நொடிக்கு 600 பிக்சல், ஈர்ப்பு 1500, ஓடும் வேகம் 300. வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் உயரம் வந்துவிடும், 120 பிக்சல். எங்கள் டைல், அதாவது லெவலை அடுக்கும் சதுரக் கட்டம், 32 பிக்சல், ஆக மூன்றே முக்கால் டைல் உயரம் குதிக்கலாம். காற்றில் இருக்கும் நேரம் 0.8 நொடி, அதற்குள் 240 பிக்சல் முன்னால் போகலாம், ஏழரை டைல். இதை வைத்துத்தான் மூன்று டைல் உயர மேடைகளும் ஏழு டைல் பள்ளங்களுமாக லெவல்களை அடுக்கினேன். நடுவில் அவனுக்கு கேரக்டர் காற்றில் மிதப்பது போலத் தோன்றியிருக்கிறது, ஈர்ப்பை 2000 ஆக்கிவிட்டான். அவன் டெஸ்ட் சீனில் வெறும் தரை மட்டும்தான், அங்கே குதிப்பு உண்மையிலேயே முன்பைவிட நன்றாக இருந்தது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயரம் 90 பிக்சலுக்கும் தூரம் 180 பிக்சலுக்கும் இறங்கிவிட்டது. மூன்று டைல் என்றால் 96 பிக்சல். ஆறு பிக்சல் குறைந்ததில் ஒரு மேடையிலும் ஏற முடியவில்லை.

நேரம் இல்லாததால் மேடைகளை இறக்கினோம், பள்ளங்களைச் சுருக்கினோம். அப்புறம் பார்த்தால் எதிரிகள் நடமாடும் அகலம் போதவில்லை, மேடையின் நுனியில் நின்று நடுங்குகிறார்கள். அதைச் சரிசெய்ய அவர்களின் வேகத்தைக் குறைத்தோம், சண்டை சப்பென்று ஆகிவிட்டது. பக் என்று சொல்லி ரிப்போர்ட் எழுத முடியாது. ஒவ்வொன்றும் அதனதன் அளவில் சரிதான். விளையாடுபவர் கைக்கு அது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் ஐந்து பேரில் ஒருவர் பட்டியலிலும் இல்லை.

கேட்க வந்தது இதுதான்: உங்கள் டீமில் வேலையை எப்படிப் பிரித்தீர்கள்? இந்த விஷயம் யார் தலையில் விழுந்தது?

---

அரைகுறை_ஆர்வலன்

முடித்ததே பெரிய விஷயம் நண்பா. எங்கள் டீம் மெனு வரை வந்தது. ஆனால் மெனுவில் பட்டன் மேல் மவுஸை வைத்தால் வரும் அனிமேஷன் அவ்வளவு அருமையாக இருக்கும்!

---

பழையநிரலர்

தம்பி, நீங்கள் சொல்வது கேமுக்கு மட்டும் உரியதல்ல. மெல்வின் கான்வே 1968-இல் ஒரு கட்டுரையில் எழுதியது இன்றும் அவர் பெயரிலேயே விதியாகச் சொல்லப்படுகிறது: ஒரு அமைப்புக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அதே வடிவம்தான் அவர்கள் செய்யும் பொருளிலும் வரும். ஐந்து பேர் ஐந்து சீனில் உட்கார்ந்தீர்கள், ஐந்து துண்டாக ஒரு கேம் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் வேலையில் செய்வது வேறு மாதிரி. முதலில் ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு பிளேயர், ஒரு எதிரி, ஒரு பள்ளம், ஒரு ஒலி, செத்தால் மறுபடி தொடங்கும் வசதி. படமெல்லாம் வேண்டாம், சாம்பல் கட்டங்கள் போதும். வெர்டிகல் ஸ்லைஸ் என்பார்கள். அந்த ஒரு அறையை நாலு பேர் விளையாடி, இன்னொரு தடவை ஆடலாம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த அறை. இப்படிச் செய்தால் உங்கள் ஈர்ப்பு விவகாரம் அன்று மாலையே தெரிந்திருக்கும், ஏனென்றால் அவன் எண்ணை மாற்றியதும் அந்த ஒரே அறையில் ஏற முடியாமல் போயிருக்கும்.

இன்னொன்று. ஈர்ப்பையும் குதிக்கும் வேகத்தையும் மூல எண்களாக வைக்காதீர்கள். லெவல் செய்பவருக்கு வேண்டியது உயரமும் நேரமும். உச்சிக்குப் போகும் உயரம் இவ்வளவு, அதற்கு எடுக்கும் நேரம் இவ்வளவு என்று இரண்டை மட்டும் எழுதிவைத்து, மற்றதைக் கணக்குப் போட்டு எடுங்கள். ஈர்ப்பு = உயரத்தின் இரு மடங்கு வகுத்தல் நேரத்தின் வர்க்கம். வேகம் = உயரத்தின் இரு மடங்கு வகுத்தல் நேரம். 120 பிக்சல், 0.4 நொடி என்று போட்டால் உங்கள் பழைய 1500-ம் 600-ம் அப்படியே வரும். உயரம் என்பது டீம் முழுவதும் ஒப்புக்கொண்ட எண். அதை ஒருவர் தனியாக மாற்றக் கூடாது.

---

செமிகோலன்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. இது மென்பொருள் பொறியியல் பாடம். கேம் வடிவமைப்புப் பாடம் அல்ல. தேவை ஆவணம், டெஸ்ட், வெர்ஷன் கண்ட்ரோல், வேலைப் பிரிப்பு, இவற்றுக்குத்தான் மதிப்பெண். சுவாரசியத்தை எந்த அளவுகோலால் அளப்பது? வங்கிக் கணக்கு செயலி செய்த டீமிடம் போய் "உங்கள் செயலி சுவாரசியமாக இல்லை" என்று யாராவது கேட்பார்களா? நல்ல மதிப்பெண் வந்துவிட்டது, அடுத்த வேலையைப் பாருங்கள்.

---

கடைசிபெஞ்ச்

செமிகோலன், ஈர்ப்பு மாறியதால் லெவல் உடைந்தது சுவாரசியம் சம்பந்தப்பட்டதா? இரண்டு மாட்யூல்களுக்கு இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது, ஒரு பக்கம் அதை மாற்றியது, மறுபக்கத்துக்குத் தெரியவில்லை. உங்கள் வங்கிச் செயலியில் ஒருவன் தொகையை ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அது என்ன பாடம்? அதே பாடம்தான் இது. எங்களிடம் டெஸ்ட் இருந்தது, எல்லாம் பச்சை. பிளேயர் குதிக்கிறதா என்று டெஸ்ட் இருந்தது, மேடையில் ஏறுகிறதா என்று இல்லை.

பழையநிரலர் அண்ணா, உயரம், நேரம் யோசனை அருமை. ஆனால் அவனுடைய குறையும் நியாயமானது. 1500-இல் கேரக்டர் மிதக்கத்தான் செய்தது. உயரத்தைப் பூட்டிவைத்தால் அதை எப்படிச் சரிசெய்வது?

---

பிக்சல்பித்தன்

நான் சொல்கிறேன். ஏறும்போது ஒரு ஈர்ப்பு, இறங்கும்போது வேறு ஈர்ப்பு வையுங்கள். ஏறும்போது உங்கள் 1500 அப்படியே, உயரம் மாறாது. இறங்கும்போது 2000. 120 பிக்சல் இறங்க 0.35 நொடி வரும், மொத்தம் காற்றில் சுமார் 0.75 நொடி, அதாவது 224 பிக்சல் தூரம். ஏழு டைல் சரியாக 224. பாத்திரத்தின் மோதல் பெட்டிக்கும் ஒரு அகலம் உண்டு, அது கூடுதல் இடம் தரும். ஆக உங்கள் பழைய லெவல்கள் ஒன்றையும் தொடாமல் கனமான இறக்கம் கிடைத்திருக்கும். பொத்தானைச் சீக்கிரம் விட்டால் ஏறும் வேகத்தைப் பாதியாக வெட்டிவிடுங்கள், சின்னக் குதிப்பு, பெரிய குதிப்பு இரண்டும் வந்துவிடும்.

ஆனால் உங்கள் கேமை நாலு பேர் கீழே வைத்ததற்கு இதைவிட முக்கியக் காரணம் வேறாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். மேடை நுனியைத் தாண்டிய அடுத்த ஃபிரேமே (திரையில் வரையப்படும் அடுத்த படத்திலேயே) குதிக்க முடியாமல் போகிறதா? அப்படியென்றால் விளையாடுபவர் "நான் அழுத்தினேனே, ஏன் குதிக்கவில்லை" என்று கடுப்பாவார். அவர் அழுத்தியது நிஜம், ஆனால் நுனியைக் கடந்து ஒன்றிரண்டு ஃபிரேம் கழித்து. நுனியைத் தாண்டிய பிறகும் 0.1 நொடி வரை குதிக்க விடுங்கள். இதற்கு கயோட்டி டைம் என்று பெயர். அதேபோல தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்க விடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேமில் 0.1 நொடி என்பது ஆறு ஃபிரேம், பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். 2018-இல் வந்த செலஸ்ட் கேமின் பிளேயர் நிரலை அதைச் செய்தவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் இந்தச் சலுகை நேரம் 0.1 என்றே எழுதியிருக்கும். போய்ப் படியுங்கள். ஒரே கோப்பு, ஆயிரக்கணக்கான வரி, உங்கள் மேடம் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார், ஆனால் கையில் வெண்ணெய் மாதிரி ஓடும்.

---

எண்கணக்கன்

சின்னத் திருத்தம். 120 பிக்சல் என்பது காகிதக் கணக்கு. கோடோவில் இயற்பியல் இயல்பாக நொடிக்கு 60 தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் முதலில் வேகத்திலிருந்து ஈர்ப்பைக் கழித்துவிட்டு அப்புறம் நகர்த்தினால் உண்மையில் கிடைக்கும் உயரம் 115 தான். ஈர்ப்பு 2000 என்றால் 90 இல்லை, 85. நகர்த்திவிட்டுக் கழித்தால் அந்த ஐந்து பிக்சல் எதிர்ப்பக்கம் போகும். மேடைகளை விளிம்பு வரை கணக்குப் பார்த்து வைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பிக்சல்பித்தன்

ஆமாம், சரி. அதனால்தான் லெவல் செய்பவர் உச்சவரம்பில் முக்கால் பங்குக்கு மேல் கட்டாயப் பாதையில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ரகசிய இடங்களுக்கு மட்டும் முழு உயரம்.

---

ஒலிக்காரி

வேறு ஒரு விஷயம் பேசலாமா? எங்கள் டீமில் நான்தான் படமும் ஒலியும். கடைசியில் மதிப்பீட்டுக்கு கிட் ஷார்ட்லாக் போட்டு யார் எத்தனை கமிட் (பதிவு செய்த மாற்றம்) என்று எண்ணினார்கள். மெனு செய்தவனுக்கு நூற்றுக்கு மேல், பட்டன் நிறத்தை மாற்றி மாற்றி கமிட் போட்டிருக்கிறான். நடை அனிமேஷனை எட்டு ஃபிரேமும் கையால் வரைந்து, நாலு தடவை அழித்து மறுபடி வரைந்து, கடைசியில் ஒரு ஒற்றைக் கோப்பாக ஏற்றினேன். எனக்கு ஒரு கமிட். "உன் பங்களிப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியுதே" என்று கேட்டார்கள். வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன்.

கடைசிபெஞ்ச், உங்கள் டீமிலும் படம், ஒலி கடைசியில்தான் வந்ததா? பிரிப்பில் அது ஐந்தாவது ஆளாக, கடைசி வரியாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரியை அடிக்கும் இடத்தில் ஒரு கெட்டியான ஒலி, அடித்த நொடியில் இரண்டு மூன்று ஃபிரேம் எல்லாம் உறைந்து நிற்பது, திரை ஒரு சின்னக் குலுங்கல். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், எதிரியின் நிரலில் ஒரு வரியைத் தொடாமலே சண்டை மாறிவிடும். நீங்கள் "சப்பென்று ஆகிவிட்டது" என்று எழுதியதற்கு வேகம் மட்டும் காரணமாக இருக்காது.

இணையத்திலிருந்து எடுக்கும் ஒலிகளுக்கு உரிமம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி0 என்றால் கவலையே இல்லை, சிசி பை என்றால் செய்தவர் பெயரை கேமுக்குள் போட வேண்டும். என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்று கூடவே இருந்தால் பிற்பாடு விற்க நினைக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று எடுக்கும்போதே ஒரு கோப்பில் எழுதுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது.

---

கடைசிபெஞ்ச்

கடைசியில்தான் வந்தது. படமும் ஒலியும் செய்தவள் முன்பே முடித்து வைத்திருந்தாள், செருகுவதற்கு இடம்தான் இல்லை, ஏனென்றால் அடி படும் நேரத்தை எதிரி நிரலிலிருந்து யாரும் வெளியே சிக்னலாக (மற்ற நிரல்களுக்குத் தகவலாக) விடவில்லை. இதை அவளிடம் காட்டுகிறேன்.

---

மெர்ஜ்பலியாடு

ஆளுக்கொரு பிராஞ்சில் அவ்வளவு நாள் இருந்தீர்கள் என்றால் சேர்க்கும்போது சீன் கோப்புகள் என்ன கதி ஆயின? எங்களுக்கு அதுதான் நரகம். இரண்டு பேர் ஒரே லெவலைத் திறந்து ஆளுக்கொரு மூலையில் டைல் போட்டோம், மூலைக்கும் மூலைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கான்ஃப்ளிக்ட், கிட்டால் தானாகச் சேர்க்க முடியவில்லை. கிட் காட்டும் இரண்டு பக்கமும் எண்களாக ஒரு முடிவில்லாத வரி. எதை வைப்பது, எதை விடுவது?

---

பழையநிரலர்

கோடோவின் சீன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், கிட்டுக்கு அது வசதி. ஆனால் ஒரு டைல் அடுக்கின் விவரம் முழுவதும் ஒரே நீளமான வரியாகப் பதிவாகும். கிட் வரி வரியாகத்தான் பார்க்கும். நீங்கள் எந்த மூலையில் போட்டாலும் அதற்கு ஒரே வரிதான் மாறியது, இரண்டு பேரும் அதே வரியை மாற்றியிருக்கிறீர்கள். கையால் சேர்க்க முடியாது, ஒருவர் வேலையை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

லெவலை அறை அறையாகத் தனித்தனி சீன்களாக உடைத்து, ஒரு அறையை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு அரட்டையில் "மூன்றாம் அறை என்னிடம்" என்று ஒரு வரி போட்டால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். யூனிட்டியிலும் சீன் கோப்பு எழுத்து வடிவில்தான், சேர்ப்பதற்கு அவர்களே ஒரு கருவி தருகிறார்கள், ஆனாலும் துண்டாக்கி வைப்பதே நிம்மதி. அங்கே கூடுதலாக மெட்டா கோப்புகளைக் கமிட்டில் சேர்க்க மறக்கக் கூடாது, மறந்தால் அடுத்தவர் கணினியில் படங்களுக்கும் சீனுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். லைப்ரரி கோப்புறையையோ கோடோ 4-இன் புள்ளிகோடோ கோப்புறையையோ ஏற்றவே ஏற்றாதீர்கள், அவை தாமாக மறுபடி உருவாகும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வாங்காது என்பதையும் இசைக் கோப்பு ஏற்றுபவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஆனால் உண்மையான மருந்து, பிராஞ்சை நீளமாக வளரவிடாமல் அன்றாடம் பொதுக் கிளையான மெயினில் சேர்ப்பது. வலிக்கும். தினமும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

---

இரவுப்பறவை

எல்லோரும் ஐந்து பேர் சமமாக வேலை செய்தது போலவே பேசுகிறீர்கள். எங்கள் டீமில் நடந்தது: இரண்டு பேர் பெயருக்கு, ஒருத்தி ஆவணம், ஒருவன் நன்றாகவே எழுதினான் ஆனால் மெதுவாக, நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் திருப்பி எழுதினேன். கேம் நன்றாக இருந்தது, விளையாடியவர்கள் திரும்பத் திரும்ப விளையாடினார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் நேரடியானது. கைக்கு எப்படி இருக்கிறது என்பது ஒருவர் தலையில்தான் இருக்க முடியும், குழு ஓட்டெடுத்து அதைக் கொண்டுவர முடியாது.

---

ஒலிக்காரி

அந்த மெதுவாக எழுதியவனுக்கு வைவாவில் என்ன ஆயிற்று?

---

இரவுப்பறவை

திணறினான். அவன் எழுதியது எதுவும் அதில் இல்லையே. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

---

கடைசிபெஞ்ச்

இரவுப்பறவை, ஒருவர் தலையில் இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதை ஏற்கவில்லை. ஒருவர் தினமும் முழுதாக விளையாடிப் பார்த்து "இங்கே குதிப்பு வழுக்குகிறது, இந்த எதிரி எரிச்சலாக இருக்கிறான்" என்று சொல்லட்டும், சரிசெய்வது அதை எழுதியவரே. அவனுடைய நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு நாமே எழுதுவது வேகமான வழிதான், ஆனால் அப்புறம் அது டீம் புராஜெக்ட் இல்லை. எங்களிடமும் அப்படிச் செய்யக்கூடிய ஒருவன் உண்டு, பிளேயர் செய்தவன்தான். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

---

வகுப்பெடுப்பவர்

இந்த மாதிரிப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

செமிகோலன் சொல்வதில் பாதி உண்மை உண்டு, சுவாரசியத்துக்கு நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. போட ஆரம்பித்தால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ரிவ்யூவில் ஐந்து தனிச் சீன்களைத் திறந்து காட்ட விட்டது மதிப்பிடுபவர்கள் தரப்புப் பிரச்சினை என்றே நினைக்கிறேன். நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: மெயின் பிராஞ்சிலிருந்து அப்போதே எக்ஸ்போர்ட் செய்த பில்ட் (எடிட்டர் இல்லாமல் தானே ஓடும் கேம்), உங்கள் மடிக்கணினியில் அல்ல, லேப் கணினியில். எடிட்டரைத் திறக்கவே கூடாது. இந்த ஒரு விதியில் பாதி டீம்கள் முதல் ரிவ்யூவில் கவிழ்கின்றன. விண்டோஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கப்படாது. எடிட்டரில் எல்லாம் தெரியும். எக்ஸ்போர்ட் செய்த கோடோ தொகுப்புக்குள் அது பார்க்கப்படும், நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் படம் ஏறாது. செமஸ்டர் தொடக்கத்திலேயே கவிழ்ந்தால் நல்லது, சிரித்துவிட்டுச் சரிசெய்துகொள்வார்கள்.

இரண்டாவது, வெளியாள் விளையாடும்போது பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பார்க்கச் சொல்கிறேன். மாணவர்களுக்கு இது ரொம்பக் கடினம். "அங்கே இல்லை, மேலே மேலே" என்று கை தானாக நீளும். நீங்கள் சொல்லிக்கொடுத்த இடங்கள்தான் உங்கள் கேம் சொல்லத் தவறிய இடங்கள். அதைக் குறித்து வந்து அடுத்த ரிவ்யூவில் என்ன மாற்றினோம் என்று காட்டினால் அதற்கு மதிப்பெண் உண்டு, அது சோதனைதானே.

மாணவர் புராஜெக்ட்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். டிஜிபென் நிறுவனத்தின் மாணவர்கள் 2005-இல் நார்பகுலர் டிராப் என்று ஒரு சின்ன கேம் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல் திறக்கலாம், ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியே வரலாம், கதாநாயகிக்குக் குதிக்கக்கூடத் தெரியாது. வால்வ் நிறுவனம் அந்த டீமையே வேலைக்கு எடுத்துக்கொண்டது, 2007-இல் போர்ட்டல் வந்தது. ஒரே ஒரு யோசனை, அதைச் சுற்றித்தான் எல்லோருடைய வேலையும். உங்கள் கேமின் ஒற்றை யோசனை என்ன, கடைசிபெஞ்ச்? இழை முழுக்கப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

---

கடைசிபெஞ்ச்

ஐயா, நேர்மையாகச் சொன்னால், "பிளாட்ஃபார்மர்" என்பதுதான். தேவை ஆவணத்தில் பதினேழு அம்சங்கள் எழுதினோம், யோசனை என்று தனியாக ஒரு வரி இல்லை.

---

இணைப்பில்லாதவன்

பதினேழுமே தனியாள் கேமுக்குத்தானே, தப்பித்தீர்கள். நாங்கள் பதினெட்டாவதாக "ஆன்லைனில் நான்கு பேர் விளையாடலாம்" என்று எழுதினோம். ஒரே லேபுக்குள் ஓடியது. வெளியே போனதும் பொத்தானை அழுத்திய பிறகு கேரக்டர் யோசித்துவிட்டு நகர்ந்தது. சர்வர் பதிலுக்குக் காத்திராமல் நம் கணினியிலேயே முன்கூட்டி நகர்த்திவிட்டு அப்புறம் சரிபார்த்துக்கொள்ளும் உத்தியை குவேக்வேர்ல்டு 1996-லேயே கொண்டுவந்துவிட்டது, ஆனால் அதைக் கடைசியில் ஒட்ட முடியாது. மொத்த நிரலும் முதலிலிருந்தே அதற்குத் தோதாக இருக்க வேண்டும்.

---

அரைகுறை_ஆர்வலன்

லேப் கணினி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் எதிரி வீட்டில் மெதுவாக நடப்பான், டெமோ நடந்த கணினியில் பாய்ந்து வந்து கொன்றான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று எழுதியிருந்தோம், 60-க்குப் பதில் 144 என்றால் 2.4 மடங்கு வேகம். டெல்டாவால், அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஆன நேரத்தால், பெருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது. புரிந்த வேகத்தில் கோடோவின் மூவ் அண்ட் ஸ்லைடு என்ற நகர்த்தும் கட்டளைக்குக் கொடுக்கும் வேகத்தையும் டெல்டாவால் பெருக்கினோம், அது உள்ளேயே கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பது தெரியாமல். எதிரி நகரவே இல்லை. அதற்கு மதிப்பிட வந்தவர், "இப்போ நல்லா இருக்கு, கொஞ்சம் சாந்தமா இருக்கான்" என்றார்.

---

கடைசிபெஞ்ச்

இந்த வாரம் நேரம் கிடைத்ததால் டீமில் மூன்று பேர் உட்கார்ந்தோம். இறங்கும் ஈர்ப்பைத் தனியாகப் பிரித்தோம், பழைய லெவல்களைக் கிட்டிலிருந்து திருப்பி எடுத்தோம், கயோட்டி டைமும் முன்கூட்டி அழுத்துவதை நினைவில் வைப்பதும் சேர்த்தோம். பிளேயர் செய்தவனே சேர்த்தான், முப்பது நாற்பது வரி இருக்கும். அடி படும்போது சிக்னல் விட்டு அவள் வைத்திருந்த ஒலியைச் செருகினோம். முன்பு கீபோர்டை நகர்த்தி வைத்தவர்களில் ஒருத்தியிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன், வாயையும் மூடிக்கொண்டேன். நான்காம் லெவல் வரை போனாள். அங்கே ஒரு மேடை பின்னணியோடு ஒன்றிப்போய்க் கண்ணுக்கே தெரியவில்லை, கீழே விழுந்து விழுந்து அலுத்து விட்டுவிட்டாள். அந்த மேடையை நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன், அதனால் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

எதிரிகளுக்கு இன்னும் விடை இல்லை. நடமாடும் அகலம் பழைய லெவலில் சரியாக இருக்கிறது, ஆனால் இப்போது பிளேயர் லாவகமாக ஓடுவதால் அவர்களை அடிக்க வேண்டிய தேவையே இல்லை, விளையாடுபவர்கள் மேலே தாவிப் போய்விடுகிறார்கள்.

---

பிக்சல்பித்தன்

அடித்தால் என்ன கிடைக்கிறது? ஸ்கோர் மட்டும் என்றால் நானும் தாவித்தான் போவேன். எதிரி மேல் மிதித்தால் இன்னொரு குதிப்பு கிடைக்கும் என்று வைத்துப் பாருங்கள். சில மேடைகளுக்கு அப்படி மட்டுமே ஏற முடியும். எதிரியும் லெவலும் ஒன்றாகிவிடும், வகுப்பெடுப்பவர் கேட்ட ஒற்றை யோசனையும் அதுவாகவே இருக்கலாம்.

---

கடைசிபெஞ்ச்

இது முயன்று பார்க்க வேண்டியது. எதிரி செய்தவளிடம் இணைப்பை அனுப்பிவிட்டேன், "லெவலை நீதான் மாத்தணும், நான் எதிரியை மட்டும்தான் தொடுவேன்" என்று உடனே பதில் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கணினியில் உட்காருவதாகப் பேசியிருக்கிறோம்.

---

எண்கணக்கன்

பில்டை எங்காவது ஏற்றுங்கள், நாங்களும் விளையாடிப் பார்க்கிறோம். பிரவுசரில் ஓடினால் நல்லது, தெரியாத எக்ஸி கோப்பை யாரும் இறக்க மாட்டார்கள். நிரல் ஜிடிஸ்கிரிப்டா, சி ஷார்ப்பா?

---

கடைசிபெஞ்ச்

ஜிடிஸ்கிரிப்ட். ஒரு தடவை வெப் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தோம், பக்கம் திறந்ததும் ஷேர்டு அரே பஃபர் இல்லை என்று ஏதோ பிழை வந்து நின்றுவிட்டது. பதிப்பு 4.2.

---

எண்கணக்கன்

4.3-க்கு மாறுங்கள். அதற்கு முந்தைய 4 வரிசையில் வெப் பில்டுக்கு த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதி) கட்டாயம், சர்வர் சில ஹெடர்களை அனுப்பினால்தான் ஓடும். 4.3-இல் த்ரெட் இல்லாமலே எக்ஸ்போர்ட் செய்யலாம், சாதாரண இடத்தில் போட்டாலும் திறக்கும். மாறுவதற்கு முன் தனி பிராஞ்ச் போட்டுக்கொள்ளுங்கள், டைல் மேப் அந்தப் பதிப்பில்தான் அடுக்கு அடுக்காகத் தனி நோடுகளாக மாறியது. பழையது இன்னும் ஓடும், ஆனால் எச்சரிக்கை காட்டும்.